ஐந்து நாளில் இருபது பேட்டி எடுக்க முடியுமா?

கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் தொகுப்பாளர். இதுவரை ஸ்டூடியோவுக்கு வந்தவர்களிடம் மட்டும்தான் பேசியிருக்கிறீர்கள். பிழைப்புக்காகப் பெருநகரத்துக்கு வந்து தங்கிவிட்டவர்களைப் பற்றி ஒரு தொடர் செய்யச் சொல்லி, இப்போது ஐந்து நாள் அனுப்புகிறார்கள். இருபது பேட்டியாவது கொண்டுவர வேண்டும் என்று நிலையத்தில் எதிர்பார்க்கிறார்கள். எந்த மைக் வாங்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கலாம், முன்பின் தெரியாதவர்களை எப்படிப் பேச வைப்பது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான்: ஐந்து நாள் அலைந்துவிட்டு, ஒலிபரப்பவே முடியாத பதிவுகளோடு திரும்பி வந்து நிற்போமோ என்பது. அந்தப் பயத்துக்குத்தான் பதில் எழுதுகிறேன். மைக் எல்லாம் போகிற போக்கில் வந்துவிடும்.

இருபது வருடத்துக்கு மேல் வானொலிக்கு ஒலிச்சித்திரங்கள் தயாரித்திருக்கிறேன். செய்திப் பிரிவில் வேலை பார்த்ததில்லை. அதனால் ஒரு பெரிய மனிதரை வாசலில் மடக்கி, அவர் காரில் ஏறுவதற்குள் பதில் வாங்கும் கலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கீழே சொல்வதில் ஒலி சம்பந்தப்பட்டவை உறுதியானவை, யார் போய்ப் பதிவு செய்தாலும் அப்படித்தான் நடக்கும். மனிதர்களைப் பேச வைப்பது பற்றிச் சொல்வதெல்லாம் என் கையில் பலித்த பழக்கங்கள். என்னைவிடத் தேர்ந்தவர்கள் நேர் எதிராகச் செய்தும் நல்ல பேட்டி கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த எண்ணிக்கை. இருபது வேண்டாம், பத்து போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேட்டி 40 நிமிடம் என்று வைத்தால் இருபது பேட்டிக்கு 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒருமுறை நிறுத்தாமல் கேட்பதற்கே இரண்டு வேலை நாள் போய்விடும். குறிப்பெடுத்து, வெட்டி, இணைப்புரை எழுதுவது அதற்கு அப்புறம். இது வந்த பிறகு வரும் கஷ்டம். அங்கே இருக்கும்போது வரும் கஷ்டம் இதைவிடப் பெரிது. 40 நிமிடப் பேட்டிக்கு, போய்ச் சேர்வது, வீட்டைக் கண்டுபிடிப்பது, உட்கார்ந்து அறிமுகமாவது, சத்தமில்லாத மூலையைத் தேடுவது, பேட்டி முடிந்து அவர் வேலை செய்யும் சத்தங்களைத் தனியாகப் பதிவு செய்வது என்று இரண்டரை மணி நேரம் சர்வ சாதாரணமாகப் போகும். ஒரு நாளைக்கு நான்கு என்று போட்டால் மூன்றாவது பேட்டியிலேயே நீங்கள் கேட்பதை நிறுத்திவிடுவீர்கள். வாய் கேள்வி கேட்கும், காது கடிகாரத்தைப் பார்க்கும். அது பதிவில் அப்பட்டமாகத் தெரியும்.

ஆகவே கிளம்புவதற்கு முன்னாலேயே நிலையத்தில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். “இருபது துண்டுப் பேச்சு வேண்டுமா, இல்லை பத்து மனிதர்கள் வேண்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இறங்கி வருவார்கள். எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் பத்து முழுப் பேட்டியும், மீதிக்குத் தெருவில் எடுக்கும் சின்னச் சின்னக் கருத்துகளும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நாளை எப்படி வகுப்பது என்று கேட்டால், ஆளை வைத்து வகுக்காதீர்கள், பகுதியை வைத்து வகுங்கள். ஒரு நாள், நகரத்தின் ஒரு பக்கம். காலையில் நேரம் சொல்லி வைத்த பேட்டி ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் இருக்கும் நேரம் காலியாகவே இருக்கட்டும். காலைப் பேட்டிக்காரர் “எதிர் வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா? அவர்கிட்ட கேளுங்க, கதை கதையாச் சொல்வார்” என்பார். அந்த எதிர் வீட்டுக்காரருக்கு உங்கள் அட்டவணையில் இடம் இருக்க வேண்டும் இல்லையா? என் தொடர்களில் நேயர்கள் நினைவில் வைத்திருந்த குரல்களில் பாதி, பட்டியலில் இல்லாத ஆட்களுடையவை.

இப்போது சத்தம். பெருநகரத்துக்குப் புதிதாகப் போகிற வானொலிக்காரர்கள் சறுக்குவது இங்கேதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் மூளை ஒரு சலுகை தருகிறது. பேருந்து போகும் சாலையோரத்தில் நின்று பேசினாலும், எதிரில் இருப்பவர் குரலை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். மைக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் பதிவு செய்யும்போது ஹெட்போன் காதில் இருந்தே தீர வேண்டும், அதுவும் காதை முழுதாக மூடும் வகை. ஹெட்போன் போட்டுக்கொண்டு பேசினால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று கூச்சப்படுவீர்கள், நானும் பட்டிருக்கிறேன். “உங்க குரல் ஒழுங்கா விழுதான்னு பார்த்துக்கறேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். சுற்றியிருக்கும் இரைச்சல் குறையாது. அரை சாணில் இருந்த மைக் இரண்டு சாணுக்குத் தள்ளிப்போனால் 12 டெசிபல் போச்சு. அதை எடிட்டிங்கில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். எந்த மென்பொருள் வைத்துச் சுத்தம் செய்தாலும், கிட்டே வைத்து எடுத்த பதிவின் உடம்பு அதில் வராது. குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். ஆகவே மைக் எப்போதும் ஒரு சாணுக்குள், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே, பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். மைக்கை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், எதிராளி கையில் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அவர் கையை ஆட்டிப் பேசுவார், மைக்கும் ஆடும். அப்புறம் அவர் நிறுத்துகிற வரை நீங்கள் நிறுத்த முடியாது!

மூன்றாவது, இடம். உள்ளே போனதும் பேசத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு நிமிடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கள். மின்விசிறி, ஏசி, மீன் தொட்டியின் மோட்டார், பக்கத்து அறையில் டிவி, குழல் விளக்கின் ரீங்காரம் எல்லாம் அப்போதுதான் கேட்கும். டிவியும் பாட்டும் கண்டிப்பாக நிற்க வேண்டும். பின்னணியில் பாட்டு ஓடினால் பேச்சை எங்கே வெட்டினாலும் பாட்டு தாவும், காப்புரிமைச் சிக்கல் வேறு. குளிர்சாதனப் பெட்டியை அணைக்கக் கேட்பதில் தவறில்லை, ஆனால் போகும்போது மறக்காமல் போட்டுவிட வேண்டும். அதற்கு இந்தத் தொழிலில் ஒரு பழைய உபாயம் உண்டு: உங்கள் சாவியை எடுத்து அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் நீங்கள் கிளம்ப முடியாது, சாவியை எடுக்கும்போது ஸ்விட்ச் ஞாபகத்துக்கு வந்துவிடும். சுவர் எல்லாம் வெறுமையாக இருக்கும் பெரிய கூடத்தைவிட, மெத்தையும் துணிகளும் நிறைந்த சின்னப் படுக்கையறை பதிவுக்கு எவ்வளவோ மேல். வெளியில் நின்றுதான் எடுக்க வேண்டும் என்றால், சாலை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு பக்கமாக மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக்கின் பின்புறம் உங்களைப் பார்த்து இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருவதைத்தான் அது குறைவாக வாங்கும்.

சத்தத்தை எதிரியாகவும் நினைத்துவிடாதீர்கள். ஒரு கடிகாரம் பழுது பார்ப்பவரைப் பேட்டி எடுக்கப் போனேன். நாலு பேர் நிற்க முடியாத கடை, மூன்று சுவரிலும் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் நான் கேட்காமலே, “ஊசலை எல்லாம் பிடிச்சு நிறுத்திடட்டுமா தம்பி?” என்றார். எனக்கோ அந்தச் சத்தத்தில் மயக்கம். “வேண்டாங்க ஐயா, இதுதான் அழகு” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. ஒரு வாக்கியத்தை வெட்டினால் டிக் டிக் இடறியது. ஒரு மூச்சை எடுத்தால்கூட இரண்டு டிக் ஒட்டிக்கொண்டன. குரலில் ஒட்டு தெரியாது, கடிகாரத்தில் தெரியும். ஒவ்வொரு வெட்டையும் டிக்கின் மேல் டிக் பொருத்தி ஒட்டுவதற்குள் ராத்திரி முழுக்கப் போய்விட்டது, அப்படியும் நல்ல மூன்று நிமிடத்தைத் தூக்கிப் போட்டேன். இன்று போனால் பேச்சைக் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் எடுப்பேன், கடிகாரங்களைத் தனியாகப் பத்து நிமிடம் எடுப்பேன். இரண்டையும் பிறகு வேண்டிய அளவில் கலந்துகொள்ளலாம். கலந்த பிறகு பிரிக்கத்தான் முடியாது.

இதே காரணத்துக்காகத்தான் ஒவ்வொரு இடத்திலும், பேட்டி முடிந்ததும், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் அமைதியைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். ரூம் டோன் என்பார்கள். வெற்று அமைதி என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு அறைக்கும் ஒரு மூச்சு உண்டு. வெட்டிய இடங்களுக்கு அடியில் அதைப் போட்டால்தான் ஒட்டு மறையும். கூடவே அவர் கைவேலையின் சத்தங்கள்: ஷட்டர் தூக்குவது, தையல் மெஷின் மிதி, பெருக்குமாறு தரையில் இழுபடுவது, சாவிக்கொத்து. 1958-இல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பான, ஒரு ரயில் ஓட்டுநரைப் பற்றிய நிகழ்ச்சிக்காக, தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கரும் பாடகர் ஈவான் மெக்கோலும் ரயில்வே தொழிலாளர்களிடம் பதிவு செய்யப் போனார்கள். சேகரித்ததை வைத்து எழுதி நடிகர்களைப் பேச வைப்பதுதான் முதலில் இருந்த யோசனை. டேப்பைப் போட்டுக் கேட்ட பிறகு நடிகர்களை விட்டுவிட்டு, அந்தத் தொழிலாளர்களின் குரல்களையே வைத்து நிகழ்ச்சியைக் கட்டினார்கள். அந்தப் பேச்சின் வாசனையை எந்த நடிகரிடமும் வாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. நீங்கள் அவ்வளவு தூரம் பயணம் போவதன் அர்த்தமும் அதுதான். தகவல் மட்டும் போதும் என்றால் போனிலேயே கேட்டுவிடலாமே.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் பிடிக்கும் டைனமிக் மைக் ஒன்று, அதுவும் எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி வகையாக இருந்தால் புதியவர்களுக்கு நல்லது. கைச்சத்தமும் காற்றும் அதில் குறைவாக விழும், கொஞ்சம் கோணலாகப் பிடித்தாலும் மன்னிக்கும். இரைச்சலான தெருவுக்கு மட்டும் கார்டியாய்டு. நீளமான ஷாட்கன் மைக் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், சின்ன அறைகளில் சுவரில் பட்டு வரும் ஒலியை அசிங்கமாக வாங்கும், எனக்குப் பிடிக்காது. காலர் மைக் வசதிதான், துணி உரசினால் பேட்டியே காலி. ரிக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு, மோனோ, அதாவது ஒற்றைத் தடம். இந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பிதான், 32 ஜிபி அட்டையில் 60 மணி நேரம் வரை கொள்ளும். அதனால் இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3-இல் பதிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஒலி அளவை ரிக்கார்டரே ஏற்றி இறக்கும் தானியங்கி லெவலை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் பேச்சை நிறுத்தும் போதெல்லாம் பின்னணி இரைச்சல் பொங்கி எழும். ரிக்கார்டரின் ஒலி அளவு மீட்டரில், சத்தமாகச் சிரித்தால்கூட மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி, சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் சேதமில்லாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் வகை ரிக்கார்டர் இருந்தால் இந்த லெவல் கவலை பெருமளவு தீரும், மைக் தூரத்தில் இருந்த பாவத்தை அதுவும் தீர்க்காது. காற்றுக்கு ரோமம் வைத்த உறை, மாற்று பேட்டரி. விமானத்தில் போவதானால் தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது. போனை மட்டும் வைத்தே எடுக்கலாமா என்றால், வெளியே ஒரு மைக்கை இணைத்தால் தாராளமாக எடுக்கலாம். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு எடுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன். சில ரிக்கார்டர்களில் சிவப்புப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் அது தயார் நிலைக்குத்தான் போகும். விளக்கு மினுக்கும், ஹெட்போனில் குரலும் கேட்கும், பதிவு மட்டும் ஆகாது. இரண்டாவது முறை அழுத்த வேண்டும். ஓய்வுபெற்ற ஒரு செவிலியர், தன் முதல் இரவுப் பணியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் பேச்சு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டுதான் தொடர்ந்தார். அதற்கு அப்புறம் நான் குனிந்து பார்த்தேன், நேரம் காட்டும் இடத்தில் வரிசையாகப் பூஜ்யம். “அம்மா, ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அதுக்கென்னப்பா, திரும்பச் சொல்றேன்” என்றார். சொன்னார். தேதி, வார்டு, டாக்டர் பேசியது எல்லாம் வரிசையாக, முதல் முறையைவிடத் தெளிவாக வந்தது. அந்த இடத்தில் மட்டும் பேச்சு நிற்கவில்லை. அன்றிலிருந்து நேரம் ஓடுகிறதா என்று பார்க்காமல் முதல் கேள்வியைக் கேட்பதில்லை. 1951-இல் ஸ்டீஃபன் குடெல்ஸ்கி உருவாக்கிய புகழ்பெற்ற டேப் ரிக்கார்டரின் பெயர் நாக்ரா. போலிஷ் மொழியில் ‘பதிவு செய்யும்’ என்று பொருளாம். பெயர் சரிதான், பட்டனை அழுத்த வேண்டியது நாம்தானே!

சரி, பேச வைப்பது. முதலில், கேள்விப் பட்டியலை முன்கூட்டி அனுப்பலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று மட்டும் சொல்வேன், கேள்விகளை அனுப்ப மாட்டேன். அனுப்பினால் பதிலை எழுதி வைத்துப் படிப்பவர்கள் உண்டு. லெவல் பார்ப்பதற்காக “காலையில் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்பது வானொலியில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நான் அதற்குப் பதிலாக, “காலையில எழுந்ததிலிருந்து இங்க வந்து உட்கார்ந்த வரைக்கும் சொல்லுங்களேன்” என்பேன். லெவலும் கிடைக்கும், பேருந்து எண்ணும் படிக்கட்டும் முதலாளியின் முகமும் அதில் தானாக வந்து விழும். பல தடவை பேட்டியின் தொடக்கமாகவே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

“ஊரை விட்டு வந்தது எப்படி இருந்தது?” என்று கேட்டால் “கஷ்டமாத்தான் இருந்தது” என்று முடிந்துவிடும். “வண்டியை விட்டு இறங்கும்போது கையில என்ன வச்சிருந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பை எந்த நிறம், உள்ளே யாருடைய சட்டை, யார் முகவரி எழுதிய காகிதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கையில், கண்ணில், காதில் பட்டதைக் கேளுங்கள், உணர்ச்சி தானாக வரும். அவர் நிறுத்தும்போது அடுத்த கேள்வியோடு பாயாமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஐந்துக்குள் பெரும்பாலும் அவரே தொடர்வார், அப்படித் தொடர்வதுதான் நமக்கு வேண்டியது. ‘ம்ம்’, ‘ஆமா’, ‘அடடா’ எல்லாம் தலையசைப்பாக மாறட்டும். உங்கள் ‘ம்ம்’ அவர் வாக்கியத்தின் மேல் விழுந்தால் எடுக்கவே முடியாது. நிகழ்ச்சியில் உங்கள் கேள்விகள் இடம்பெறாது என்றால், கேள்வியைப் பதிலுக்குள் சேர்த்துச் சொல்லும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் “ஆமாம், அதுதான்” என்று தொடங்கும் பதில்களோடு திண்டாடுவீர்கள்.

கருவியில் தடுமாறுவதைப் பற்றி ரொம்பவும் வெட்கப்பட வேண்டாம். சிகாகோவில் டபிள்யூ.எஃப்.எம்.டி வானொலியில் 45 ஆண்டுகள் பேட்டி எடுத்த ஸ்டட்ஸ் டெர்கல், டேப் ரிக்கார்டரை இயக்கத் தெரியாத தன் தடுமாற்றமே எதிரில் இருப்பவரின் கூச்சத்தைப் போக்கியது என்று சொல்லியிருக்கிறார். அது அவருக்குச் சரி. நமக்குத் தடுமாற்றம் ஒரு நிமிடம் அழகு, மூன்று நிமிடம் போனால் அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கடைசியில் கேட்க வேண்டியது, “நான் கேட்காம விட்டது ஏதாவது இருக்கா?” அந்தப் பதில் முடியும் வரை ரிக்கார்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிறகு அதை நிறுத்தி, நீங்கள் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்து, வாசலில் செருப்பு மாட்டும்போது ஒன்று சொல்வார், பேட்டியிலேயே இல்லாத விஷயம். இது எனக்கு எத்தனையோ முறை நடந்திருக்கிறது. அப்போது ரகசியமாகப் பட்டனை அழுத்தாதீர்கள். “இதை மைக்ல சொல்ல முடியுமா?” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், அது உங்களுக்குச் சொன்னது, நேயர்களுக்குச் சொன்னதல்ல.

தெருவில் எடுக்கும் கருத்துகளுக்கு ஒரே விதி: நடப்பவர்களை நிறுத்தாதீர்கள், நிற்பவர்களிடம் போங்கள். பேருந்து நிறுத்தம், வரிசை, கடை திறக்கக் காத்திருப்பவர்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வியை, ஒரே சொற்களில். பெரும்பாலானவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போவார்கள், அதை மனதில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தால் இந்த வேலையே செய்ய முடியாது. ரயில் நிலையம், வணிக வளாகம், மருத்துவமனை ஆகியவற்றுக்குள் மைக்கோடு நுழைவதற்கு முன் அனுமதி வாங்குங்கள். பொதுமக்கள் நடமாடும் இடம் எல்லாம் பொது இடம் ஆகிவிடாது.

சம்மதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவர் பெயரையும் வேலையையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். உச்சரிப்பும் கிடைக்கும், யார் பதிவு என்ற குழப்பமும் வராது. இது எந்த நிலையத்துக்கு, வானொலியில் மட்டுமா இணையத்திலும் கிடக்குமா என்று சொல்லி, சரி என்று அவர் சொல்வதும் பதிவில் இருக்கட்டும். ‘இணையத்தில் எப்போதும் இருக்கும்’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள், நாளைக்கு ஒலிபரப்பாகி மறைந்துவிடும் என்றே பலர் நினைக்கிறார்கள். புதிதாக வந்து பிழைப்பவர்களிடம் பேசப்போகிறீர்கள். முதலாளியைப் பற்றி, தங்குவதற்கான ஆவணங்களைப் பற்றி, கடனைப் பற்றிச் சொல்வார்கள். பெயரை மாற்றிவிட்டால் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள், தெரிந்தவர்களுக்குக் குரல் ஒன்றே போதும். பேச்சைப் பதிவு செய்வதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு, சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நான் வழக்கறிஞர் அல்ல. போகும் இடத்தின் விதியை உங்கள் நிலையத்தின் சட்டப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பேட்டிக்குப் பணம் கொடுக்கலாமா என்றால், நான் கொடுப்பதில்லை. கொடுத்தால் கதை, பணம் கொடுப்பவருக்குப் பிடித்த மாதிரி வளையும். ஆனால் உங்களுக்காக அரை நாள் அலைந்து ஆள் தேடிக் கொடுப்பவருக்கும், மொழிபெயர்ப்பவருக்கும் கூலி கொடுக்காமல் இருப்பது அநியாயம்.

மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசும்போது, பார்வை பேசுபவர் மேல் இருக்கட்டும், மொழிபெயர்ப்பவர் மேல் அல்ல. “அவர் கஷ்டப்பட்டதாகச் சொல்கிறார்” என்று சுருக்காமல், “நான் கஷ்டப்பட்டேன்” என்று தன்மையில் முழுதாகச் சொல்லும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பேசக் கூடாது. நிகழ்ச்சியில் மூலக்குரல் சில நொடி தனியாகக் கேட்ட பிறகுதான் தமிழ்க் குரல் மேலே வர வேண்டும்.

இரவில் அறைக்கு வந்ததும் படுத்துவிடாதீர்கள். பதிவுகளை இரண்டு தனித்தனி இடங்களில் நகலெடுத்து, ஒன்றை ரிக்கார்டர் இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். அட்டையை நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் வரை அழிக்க வேண்டாம். ஒவ்வொரு கோப்புக்கும் தேதியும் பெயரும் போட்டு, முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் கேட்டு, மனதில் நின்ற இரண்டு மூன்று இடங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். “பை, நீல நிறம், அப்பா சட்டை, சுமார் 20-ஆம் நிமிடம்” என்ற அளவுக்கு இருந்தால் போதும். மறுநாள் காலை எல்லாக் குரலும் ஒன்றாகக் குழம்பிவிடும், அன்றிரவு எழுதினால் எழுதியதுதான். நகரத்தைப் பற்றிய உங்கள் வர்ணனையையும் அங்கேயே பதிவு செய்துவிடுங்கள். போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தலையணைகளுக்கு நடுவில் மைக்கை வைத்துப் படித்தால், ஓட்டல் அறையும் ஓரளவு ஸ்டூடியோ ஆகிவிடும். மூச்சு முட்டும், பார்க்க வேடிக்கையாகவும் இருக்கும், குரல் நன்றாக விழும்.

ஐந்தாம் நாளைப் புதுப் பேட்டிக்கு ஒதுக்காதீர்கள். காலையில் வெறும் சத்தங்கள்: கடைகள் திறப்பது, முதல் பேருந்து, பள்ளி வாசல், மழை வந்தால் மழை. மதியத்துக்கு மேல் முதல் நாள் பேட்டி கொடுத்தவரிடம் ஒருமுறை போய் வாருங்கள். முதல் நாள் உங்களுக்கு அந்த நகரத்தில் எதைக் கேட்பது என்றே தெரிந்திருக்காது. ஒன்பது பேர் பேசிக் கேட்ட பிறகு, அவரிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி உங்களுக்குக் கிடைத்திருக்கும். பதினைந்து நிமிடம் போதும். அதற்காக முதல் நாள் விடைபெறும்போதே, “ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போறேன்” என்று சொல்லி வையுங்கள்.